நோயுற்ற வாலிபரும் இணையத்து வைத்தியரும்

நியாயஸ்தலத்தில் வழக்காடும் கட்சிக்காரனுக்குத் தன் வழக்கின் நிலைமை தெரியக்கூடாதென்று ஒரு வக்கீல் சொல்வாரானால், அவரை நாம் என்னவென்று கருதுவோம்? வழக்கு கட்சிக்காரனுடையது, ஜயித்தால் சொத்து அவனுக்கு, தோற்றால் நஷ்டமும் அவனுக்கே. வக்கீலுக்குச் சட்டம் தெரிந்திருக்கலாம். அதனால் வழக்கு அவருடையதாகிவிடாது. நிலத்தைப் பற்றிய வழக்கில் செல்லுகிற இந்த நியாயம் உயிரைப் பற்றிய வழக்கில் செல்லாதென்று கூற யாருக்கு அதிகாரம் உண்டு? ஆயினும், புற்றுநோய் கண்ட இளைஞனுக்கு நம் நாட்டு வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பல சமயங்களில் நாம் செய்வது இதுவே. டாக்டர் தகப்பனாரைத் தனியே அழைத்துப் பேசுகிறார். தகப்பனார் தாயாரிடம் பாதியைச் சொல்லுகிறார். தாயார் பிள்ளையிடம், "ஒன்றுமில்லையப்பா, சாதாரணக் கட்டிதான்" என்கிறாள். பிள்ளையோ, வீடு உறங்கிய பின் போர்வைக்குள் கைப்பேசியை ஏந்திக்கொண்டு, தன் ரிப்போர்ட்டில் கண்ட ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டி இணையத்தில் தேடுகிறான்.

இப்படித் தேடுவதே குற்றமென்று கூறுவோர் பலர். இணையத்தைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு வைத்தியம் செய்ய முடியாதென்று அலுத்துக்கொள்ளும் டாக்டர்களை நாம் அறிவோம். அதையெல்லாம் பார்க்காதே என்று கைப்பேசியைப் பிடுங்கி வைக்கும் பெற்றோரையும் அறிவோம். இவர்களுடைய அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை; அவர்கள் கூறும் பரிகாரம் தவறென்பதே நமது அபிப்பிராயம். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயுற்றவனையே முதற்கூறாக வைத்தார். மருத்துவனை அடுத்தபடியாகவே வைத்தார். நோயுற்றவனை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் வைத்தியம் முதற்கூறை இழந்த வைத்தியமாகும். அவன் அறிய விரும்புவது அவனது உரிமை. நாம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. அவன் தேடிச் செல்லும் வீதியில் கடை விரித்திருப்போர் யாவர்? அந்த வீதிக்கு அவனைத் துணையின்றி அனுப்பியவர் யாவர்?

நடுவே விடப்பட்டவர்

புற்றுநோய் பெரும்பாலும் முதியோரைப் பற்றும் நோய். அதனாலேயே அது வாலிபரைப் பற்றும்போது ஒருவரும் அதனை எதிர்பார்ப்பதில்லை. பதினெட்டு வயதுப் பையனின் முழங்கால் வீங்கினால், பந்தாட்டத்தில் பட்ட அடியென்று எண்ணித் தைலம் தேய்க்கிறோம். கல்லூரி மாணவியின் கழுத்தில் கட்டி எழுந்தால், காசநோயென்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும் உண்டு. முன்னது எலும்புப் புற்றாகவும், பின்னது லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றாகவும் பின்னர் வெளிப்படும்போது, காலம் வீணாகிவிட்டிருக்கும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களை இளம் நோயாளர் என்னும் தனி வகுப்பாகக் கணக்கிடுகிறது. அக்கழகமும் லான்ஸ் ஆர்ம்ஸ்டிராங் ஸ்தாபனமும் சேர்ந்து 2006-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கை, இவ்வகுப்பாரை வைத்திய உலகம் நெடுங்காலம் கவனியாது விட்டதென்பதை ஒப்புக்கொண்டது. குழந்தைகளும் முதியவர்களும் பிழைக்கும் விகிதம் உயர்ந்துகொண்டு வந்த காலத்தில், இடைப்பட்ட இவ்வயதினர் அந்த அபிவிருத்தியில் பின்தங்கி நின்றனர். குழந்தைகள் வார்டில் இவர்களுக்குக் கட்டில் போதாது; பெரியவர்கள் வார்டிலோ இவர்களுக்குப் பேச்சுத்துணை கிடையாது.

இத்தனைக்கும் இவர்களுக்கு வரும் புற்றுநோய்களிற் பல குணமாகக்கூடியவை. வாலிப ஆண்களுக்கு வரும் விதைப்பைப் புற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். ஹாட்ஜ்கின் லிம்போமாவும் பெரும்பாலோருக்குத் தீர்ந்துவிடுகிறது. ஆகவே இவ்வயதில் ஒருவன் சரியான சிகிச்சையை உரிய காலத்தில் பெறுகிறானா என்பது, சில மாத ஆயுளைக் கூட்டிக் குறைக்கும் விஷயமன்று. ஐம்பது வருஷ வாழ்வைப் பற்றிய விஷயமாகும்.

தாயார் முன் கேட்க முடியாதவை

இந்த வாலிபர்கள் இணையத்தில் எதைத் தேடுகின்றனர்? தன் நோய்க்கு என்ன பெயர், அது எந்தப் படியில் இருக்கிறது, தான் பிழைப்பேனா என்பனவற்றை எல்லா வயதினரும் தேடுவர். வாலிபனுக்கு வேறு கேள்விகளும் உண்டு. மயிர் கொட்டுமா? மீண்டும் எப்போது வளரும்? பரீட்சைக்கு உட்கார முடியுமா? வேலைக்கு மனுச் செய்யும்போது நோயைச் சொல்லவேண்டுமா? விவாகம் ஆகுமா? குழந்தை பிறக்குமா? இவற்றைத் தாயாரையும் தகப்பனாரையும் இருபுறமும் வைத்துக்கொண்டு, வாசலில் நாற்பது பேர் காத்திருக்க, ஐந்து நிமிஷத்தில் ஒரு டாக்டரிடம் எந்தப் பிள்ளை கேட்பான்? எந்தப் பெண்தான் கேட்பாள்?

கேட்காமையால் விளையும் கேடு சிறிதன்று. புற்றுநோய் மருந்துகளிற் சில, ஆணின் விந்தணுக்களையும் பெண்ணின் கருமுட்டைகளையும் பாழாக்கவல்லவை. சிகிச்சை ஆரம்பிக்குமுன் விந்தணுக்களை எடுத்து உறைய வைத்துப் பாதுகாக்கும் முறை பல ஆண்டுகளாகவே வழக்கில் உள்ளது. கருமுட்டைகளையும் அவ்வாறே பாதுகாக்கலாம். ஆனால் அதற்குரிய காலம் முதல் மருந்து ஏறுவதற்கு முந்திய சில தினங்களே. அந்தத் தினங்களில் அவனுக்கு யாரும் சொல்லவில்லையானால், பத்து வருஷம் கழித்துச் சொல்வதில் பயனென்ன? இவ்விஷயத்தை இணையத்தில் தானே படித்தறிந்து, மறுநாள் டாக்டரிடம் துணிந்து கேட்கும் வாலிபனை நாம் பாராட்டுவோமேயன்றி ஒருபோதும் கடியமாட்டோம்.

எண்ணைக் கண்டு அஞ்சுதல்

தேடுகிறவன் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் ஓர் எண். இந்நோயுற்றோரில் ஐந்து வருஷம் உயிரோடிருப்பவர் நூற்றுக்கு இத்தனை பேர் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தன் தலையெழுத்தென்று எண்ணி அவன் இடிந்துபோகிறான். எண்ணைப் படிக்கும் வகையை ஸ்டீபன் ஜே கூல்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானியின் அனுபவம் நன்கு விளக்கும். 1982-ம் வருஷத்தில், தமது நாற்பதாவது வயதில், அவருக்கு மீஸோதீலியோமா என்னும் கொடிய வயிற்றுப் புற்று இருப்பதாகத் தெரிந்தது. அதைப் பற்றி என்ன படிக்கலாமென்று கேட்டதற்கு, படிக்கத்தக்கது ஒன்றுமில்லையென்று அவருடைய டாக்டர் நயமாக ஒதுங்கிக்கொண்டார். கூல்டு நடக்க முடிந்ததும் ஹார்வர்டு வைத்தியப் புத்தகசாலைக்குச் சென்று தாமே தேடினார். நோயாளரில் பாதிப்பேர் எட்டு மாதத்திற்குள் இறந்துவிடுவதாக அங்கே கண்டார்.

சற்றுத் திகைத்த பின் அவர் யோசித்தார். பாதிப்பேர் எட்டு மாதத்திற்குள் என்றால், மற்றப் பாதிப்பேர் அதற்கு மேல் என்பதே பொருள். அந்த மேற்பாதிக்கு எல்லை எங்கே? அது பல வருஷங்களுக்கு நீண்டு கிடந்தது. தமது வயது, நோய் கண்ட நிலை, கிடைத்த புதிய சிகிச்சை ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, தாம் அந்த நீண்ட பகுதியில் இருக்க இடமுண்டென்று முடிவு செய்தார். இருபது வருஷம் வாழ்ந்து 2002-ல் காலமானார். இணையத்தில் காணும் எண் முன்னர் நோயுற்ற பலருடைய கணக்கு. வயதும் உடல் நிலையும் வேறுபட்டவர்களைச் சேர்த்து எடுத்த கணக்கு. சில வேளைகளில் இன்றைய மருந்துகள் வருமுன் எடுத்த கணக்கு. ஒரு தனி மனிதனுக்கு எழுதிய தீர்ப்பாக அதைக் கொள்ளலாகாது. இதைப் பக்கத்தில் அமர்ந்து எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால், அந்த இரவுகளின் பயங்கரம் பாதி குறையும்.

இருவர் கதை

இணையத் தேடலின் நன்மையையும் தீமையையும் இரண்டு இளம் பெண்களின் சரித்திரத்தால் அறியலாம்.

கனடா தேசத்து மான்ட்ரீல் நகரவாசியான ஸூஸன் மக்நமாரா என்பவருக்கு 1998-ல் நாட்பட்ட மைலாய்டு லுகீமியா என்னும் இரத்தப் புற்று கண்டது. அப்போதைய சிகிச்சை அவரை வாட்டியது. அதே நோயுற்ற மற்றவர்களுடன் இணையத்தில் கலந்து பழகியபோது, அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்து டாக்டர் பிரையன் டிரூக்கர் ஒரு புதிய மருந்தைப் பரிசோதித்து வருவதையும், அது வியக்கத்தக்க பலன் தருவதையும் அறிந்தார். ஆனால் மருந்து போதிய அளவு உற்பத்தியாகவில்லை. 1999-ல் அவர் இணையத்தின் மூலமாகவே மூவாயிரத்திற்கு மேற்பட்டோரின் கையெழுத்தைச் சேர்த்து, உற்பத்தியைப் பெருக்கவேண்டுமென்று நோவார்ட்டிஸ் கம்பெனியின் தலைவருக்கு விண்ணப்பம் அனுப்பினார். உற்பத்தி பெருகியது, அடுத்த வருஷம் அவருக்கும் மருந்து கிடைத்தது, அவர் பிழைத்தார். அம்மருந்தே 2001 மே மாதத்தில் அமெரிக்க சர்க்காரின் அங்கீகாரம் பெற்ற இமாட்டினிப். 2013 ஏப்ரல் 1-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட் காப்புரிமை மறுத்துத் தீர்ப்பளித்ததும் இம்மருந்தின் ஒரு வடிவத்தைப் பற்றியே என்பது சட்டம் பயின்ற நேயர்களுக்கு நினைவிருக்கும்.

மற்றொருவர் ஆஸ்திரேலியாவில் வசித்த ஜெஸிக்கா ஏன்ஸ்கோ. 2008-ல், அவருக்கு 22 வயதாயிருந்தபோது, கையில் எபிதீலியாய்டு ஸார்க்கோமா என்னும் அபூர்வமான புற்று கண்டது. கையைத் தோளோடு எடுத்துவிட வேண்டுமென்று டாக்டர்கள் கூறினர். எந்த இளம்பெண்ணின் மனம் அதற்கு இசையும்? அவர் கெர்ஸன் முறை என்பதைக் கைக்கொண்டார். நாள் முழுதும் மணிக்கொருதரம் காய்கனிச் சாறு, காப்பி நீரால் குடல் கழுவுதல் முதலியன அம்முறை. தம் அனுபவத்தை இணையத்தில் எழுதிப் பெரும் புகழடைந்தார், புத்தகமும் வெளியிட்டார். அவருடைய தாயாரும் மார்பகப் புற்றுக்கு அதே முறையை நம்பி 2013-ல் மாண்டார். 2015 பிப்ரவரியில் மகளும் மாண்டார். கையை எடுத்திருந்தால் அவர் நிச்சயமாகப் பிழைத்திருப்பாரென்று கூற முடியாது, அந்நோய் பொல்லாதது. ஆனால் பிழைப்பதற்கிருந்த வழிகளில் சிறந்தது நழுவிப்போயிற்று. அவர் வஞ்சகியல்லர்; தாம் நம்பியதையே எழுதினார். அவரைப் பின்பற்றியோர் அவரது முகத்தின் ஒளியைக் கண்டனரேயன்றி, உள்ளே வளர்ந்த நோயைக் காணவில்லை.

அதே நாட்டில் அதே காலத்தில் பெல் கிப்ஸன் என்னும் மற்றோர் இளம் பெண், தமக்கு மூளைப் புற்று வந்ததென்றும் உணவினாலேயே அதை வென்று வருவதாகவும் பிரசாரம் செய்து பொருளீட்டினார். 2015-ல் பத்திரிகைக்காரர் விசாரித்தபோது, அவருக்குப் புற்றுநோயே இருந்ததில்லையென்பது வெளியாயிற்று. தர்மத்திற்குக் கொடுப்பதாகக் கூறிய பணத்தைக் கொடாமை முதலிய மோசங்களுக்காக 2017-ல் ஆஸ்திரேலிய பெடரல் கோர்ட் அவருக்கு 4,10,000 டாலர் அபராதம் விதித்தது. பணத்தைப் பற்றிய பொய்க்குக் கோர்ட்டில் கணக்குப் பார்க்க முடிந்தது. அவர் சொல்லை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர் எத்தனை பேரோ, அதற்குக் கணக்குப் பார்ப்பார் இல்லை.

இவர்களிடையே வேற்றுமை யாது? மூவரும் இணையத்தையே நாடினர். மக்நமாரா கண்டது பெயருள்ள டாக்டர், இடமுள்ள ஆஸ்பத்திரி, பலரைக்கொண்டு முறையாக நடத்திய பரிசோதனை. அதை அவர் சிகிச்சைக்குள் நுழையும் வாயிலாகக் கொண்டார். மற்ற இருவரும் காட்டிய வழியோ சிகிச்சையை விட்டு வெளியேறும் வாயிலாக இருந்தது. விவேகத்துக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுவதில்லை.

பொய்க்குக் கால் அதிகம்

இது இரண்டொருவர் கதையென்று தள்ளுவதற்கில்லை. அமெரிக்க டாக்டர் ஸ்கைலர் ஜான்ஸனும் அவரது சகாக்களும், நால்வகைப் புற்றுநோய்களைப் பற்றி இணையத்தில் மிகுதியாகப் பரவிய 200 கட்டுரைகளை நிபுணர்களைக்கொண்டு பரிசீலித்து 2021-ல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 32.5 கட்டுரைகளில் பொய்யான தகவல் இருந்தது, 30.5 கட்டுரைகளில் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு விளைக்கக்கூடிய தகவல் இருந்தது. மெய்யான கட்டுரைகளைவிடப் பொய்யான கட்டுரைகளையே ஜனங்கள் அதிகமாகப் பரப்பினர். அதே டாக்டர், குணமாகக்கூடிய நிலையில் வைத்தியத்தை விட்டு மாற்று முறைகளை மட்டும் நம்பிய 281 பேரை, முறையான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார். முன்னவர் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கு மேல். இவர்கள் அனைவரும் வாலிபரல்லர். ஆயினும் நோய்க்கு வயது பார்க்கும் தாட்சண்யம் இல்லை.

நம் நாட்டிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. 2024 நவம்பரில், கிரிக்கெட் ஆட்டக்காரராகவும் அரசியல்வாதியாகவும் பெயர் பெற்ற நவ்ஜோத் சிங் சித்து, தம் மனைவியார் நான்காம் படியிலிருந்த புற்றை வேப்பிலை, மஞ்சள், உணவுக் கட்டுப்பாடு முதலியவற்றால் வென்றாரென்று பேசிய படம் நாடெங்கும் பரவியது. அந்த அம்மையார் ரண சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்றவர் என்பது அதே வேகத்தில் பரவவில்லை. பம்பாய் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் பணிபுரிகின்ற, முன்பு பணிபுரிந்த புற்றுநோய் நிபுணர் 262 பேர், இக்கூற்றுக்கு ஆதாரமில்லையென்றும், நிரூபணமாகாத முறைகளை நம்பிச் சிகிச்சையைத் தாமதிக்கவேண்டாமென்றும் கூட்டாக அறிக்கை விட நேர்ந்தது. டாக்டர்களைக் கலந்தே உணவு முறையைக் கைக்கொண்டதாகச் சித்துவும் பின்னர் விளக்கினார். விளக்கம் வருமுன் படம் எத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்கும்!

தமிழில் உலாவும் படங்களில் முள்சீத்தாப் பழத்திற்கு மிகுந்த செல்வாக்கு. சோதனைக் குழாயில் அதன் சாறு புற்றணுக்களைக் கொன்றதென்பார்கள். குழாயிலுள்ள அணுவைக் கொல்லும் பொருள்கள் ஆயிரம் உண்டு. மனிதனைக் கொல்லாமல் அவனுள் இருக்கும் அணுவைக் கொல்வதே கஷ்டம். அப்பழம் மனிதருடைய புற்றைக் குணப்படுத்தியதாக நம்பத்தகுந்த பரிசோதனை எதுவும் இல்லை. அன்றியும், குவாடலூப் தீவில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் மிகுதியாக உட்கொண்டோரிடையே நடுக்குவாதம் போன்ற நரம்பு நோய் காணப்பட்டதை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். ஆப்ரிகாட் கொட்டையிலிருந்து எடுத்த லேட்ரில் என்னும் மருந்தின் கதையும் இதுவே. அமெரிக்காவில் 178 நோயாளருக்கு அதைக் கொடுத்துப் பரிசோதித்து 1982-ல் வெளியிட்ட முடிவில் பலன் ஏதும் காணப்படவில்லை. சிலருடைய இரத்தத்தில் ஸயனைடு விஷம் அபாய அளவை நெருங்கியது. நாற்பது வருஷங்களுக்கு மேலாகியும் அக்கொட்டையின் பெருமை இணையத்தில் மறையவில்லை.

சட்டம் என்ன செய்யும்?

புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1939-ம் வருஷத்திலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்டு தடை செய்தது. நமது பார்லிமெண்டும் 1954-ல் மருந்துகளையும் மாய சிகிச்சைகளையும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதன் அட்டவணையில் புற்றுநோயும் இருக்கிறது. எழுத்தும் வாய்ச்சொல்லும் மட்டுமன்றி, ஒளி, ஒலி, புகை இவற்றைத் தோற்றுவிக்கும் எந்தச் சாதனத்தாலும் செய்யும் அறிவிப்பும் விளம்பரமே என்பது அச்சட்டத்தின் வியாக்கியானம். கைப்பேசித் திரையில் வருவது ஒளியும் ஒலியுமன்றி வேறென்ன? ஹம்தர்த் தவாகானா வழக்கில் 1959-ல் சுப்ரீம் கோர்ட் இச்சட்டத்தின் சில பகுதிகளை ரத்துச் செய்தபோதிலும், மருந்து விற்பவனுடைய வியாபார விளம்பரத்துக்குப் பேச்சுச் சுதந்திரம் என்னும் கவசம் பொருந்தாதென்றே கருதியது. ஆகவே, மருந்து விற்பதற்காகப் பொய் சொல்பவனைத் தண்டிக்கப் புதிய சட்டம் தேடவேண்டுவதில்லை. இருக்கும் சட்டத்தைச் சர்க்கார் கையிலெடுத்தால் போதும். யூடியூப் கம்பெனி இத்தகைய படங்களை நீக்குவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தது. அறிவித்ததை இந்திய பாஷைகளிலும் நிறைவேற்றும்படி வற்புறுத்துவது நமது கடமை.

எனினும் சட்டத்தின் கை எட்டாத இடம் ஒன்றுண்டு. ஒன்றையும் விற்காமல், அன்பினாலேயே, "என் அத்தைக்கு இது கேட்டது" என்று அனுப்புகிற உறவினரை எந்தச் சட்டம் தண்டிக்கும்? தண்டிக்கத்தான் வேண்டுமா? பொய்யை வெல்ல, மெய் அதற்கு முன்னதாக நோயாளியின் கையை அடைவதே வழி.

செய்யவேண்டுவன

முதலாவது, டாக்டர்கள் தங்கள் நோயாளியான வாலிபனிடமே பேசவேண்டும். வயது வந்த ஒருவனுடைய சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கும் உரிமை அவனுக்கே உண்டு. அறியாது கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது. பெற்றோரை வெளியே அமர்த்திப் பத்து நிமிஷமேனும் அவனோடு தனித்துப் பேசட்டும். நோயின் முழுப்பெயர், வகை, படி, சிகிச்சையின் பெயர் இந்நான்கையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். என்ன படித்தாய் என்று கோபமின்றிக் கேட்கட்டும்.

இரண்டாவது, பெற்றோர். மறைப்பது அன்பினால் என்பதை நாம் அறிவோம். ஆனால் பிள்ளை அறியாமலிருக்கிறான் என்று அவர்கள் எண்ணுவது மயக்கம். அவன் அறிந்திருக்கிறான், தனியே அறிந்திருக்கிறான். அவனோடு சேர்ந்து தேடுவது அவனைத் தடுப்பதைவிட மேலானது.

மூன்றாவது, தமிழில் மெய்யறிவு பெருகவேண்டும். ஆங்கிலம் கற்றவனுக்கு உலகத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளின் பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. தமிழ் மட்டும் கற்ற தொழிலாளி மகனுக்கு அத்தனை கிடைப்பதில்லை. முள்சீத்தா வியாபாரியோ அவனிடம் நல்ல தமிழில் பேசுகிறான். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரத்தையே முதலாக வைத்து அரும்பாடுபட்டு 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கட்டிடமும் கருவியும் ஏழைக்கு எட்டவேண்டுமென்று அத்தலைமுறை உழைத்தது. அறிவும் அவனுக்கு எட்டவேண்டுமென்று இத்தலைமுறை உழைக்கவேண்டும். ஆஸ்பத்திரிகளும், சர்வகலாசாலைகளும், பத்திரிகைகளாகிய நாமும் இதில் பொறுப்பாளிகளே.

நான்காவதாக, நோயுற்ற வாலிப நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தேடுங்கள்; வெட்கப்படாதீர்கள். ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் எந்த வக்கீலும் நம்புவதில்லை. சொல்பவர் யார்? எதையேனும் விற்கிறாரா? எந்த வருஷம் எழுதியது? உங்கள் நோயின் வகையையும் படியையுமே பற்றியதா? பலரைக்கொண்டு பரிசோதித்ததா, ஒருவர் கதையா? எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் சிகிச்சையை விடச் சொல்லுகிறதா? அப்படிச் சொல்லுமானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மற்றவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். கஷாயமோ லேகியமோ உட்கொண்டால் அதையும் மறைக்காதீர்கள்; சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடும்.

போர்வைக்குள் கைப்பேசியோடு விழித்திருக்கும் அப்பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்குவதால் அவன் கேள்விகள் ஓய்ந்துவிடமாட்டா. பகலில், வெளிச்சத்தில், தன் பாஷையில், தன்னை மதிக்கும் ஒருவரிடமிருந்து அவற்றுக்கு விடை பெறும் பிள்ளை, நள்ளிரவில் அந்நியனை நாடிப் போகவேண்டிய அவசியம் குறையும். டாக்டர்களும் பெற்றோரும் சர்க்காரும் இதனை உணர்ந்து, தத்தம் கடமையைக் காலந்தாழ்த்தாது செய்ய முன்வருவார்களென நம்புகிறோம்.